ஆரணி பந்தைப் பிடித்தாளா?

1

மட்டக்களப்பில் இருக்கும் என் பள்ளித் தோழன் போன கிழமை வட்ஸ்அப்பில் கேட்டிருந்தான்: "எல்லாம் கிடக்கட்டும். உன்ட மகள் பந்தைப் பிடிச்சவளா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

கதை அவன் வரைக்கும் எப்படிப் போனது என்று ஊகிக்கலாம். என் மனைவி பவானி தன் அக்காவுக்குச் சொல்லியிருப்பாள்; அக்கா ஊர் முழுக்கச் சொல்லியிருப்பாள். மொன்றியலில் நான் ஒரு பந்துக்காக வழக்குப் போட்டேன் என்று அங்கே பேச்சாம். வழக்கு இல்லை, போட்டி நடத்தியவர்களிடம் கொடுத்த ஒரு முறைப்பாடு. அவனுக்கு ஒரு வரியில் பதில் எழுதப் பார்த்தேன். எழுதி எழுதி அழித்தேன். கடைசியில், நடந்ததை முதலிலிருந்தே எழுதிவிடலாம் என்று தீர்மானித்தேன்.

மே மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை பின்னேரம். பள்ளிக்கூடங்களுக்கு இடையிலான பெண்கள் போட்டி, அரையிறுதி. எங்கள் ஊரில் புட்போல் என்றால் காலால் உதைப்பது. வட அமெரிக்காவில் அந்தப் பெயரில் ஆடுவது வேறு. பந்தைக் கையால் எறிவார்கள், கையால் பிடிப்பார்கள். பந்தும் உருண்டை இல்லை, இரண்டு முனையும் கூர்ந்து பப்பாசிக்காய் போல இருக்கும். பெரியவர்கள் ஆடும்போது ஒருவரை ஒருவர் மோதி விழுத்துவார்கள். பிள்ளைகள் ஆடுவதில் மோதல் கிடையாது. இடுப்பில் தொங்கும் பட்டியை இழுத்து எடுத்தால் ஓட்டம் நின்றுவிடும். மைதானத்தின் அந்தத்தில் ஒரு பகுதி இருக்கிறது. அதற்குள் நின்று பந்தைப் பிடித்தால் ஆறு புள்ளி.

ஆரணிக்குப் பதினாறு வயது. அவளுடைய அணி நாலு புள்ளி பின்னால் நின்றது. ஆட்டம் முடிய ஒரேயொரு எறிதல்தான் பாக்கி. பந்து உயரப் போனது. ஆரணி அந்தக் கடைசிப் பகுதிக்குள் ஓடிப் பாய்ந்து, இரண்டு கையாலும் பந்தை நெஞ்சோடு அணைத்தாள். ஒரு கால் கோட்டுக்கு உள்ளே பட்டது. பக்கவாட்டில் விழுந்து, ஒரு தரம் உருண்டு, பந்தோடு எழும்பினாள். நாங்கள் எல்லோரும் எழும்பிவிட்டோம்.

நடுவர் இருபது வயதுக்கு மேற்படாத ஒரு பிள்ளை. தலைமயிரை உயர்த்திக் கட்டியிருந்தாள். ஓடி வந்து, இரண்டு கையையும் இடுப்பளவில் விரித்து வீசினாள். பிடி இல்லை என்று அர்த்தம். ஆட்டம் முடிந்தது.

நான் முழுவதையும் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். என்ன நினைத்தேனோ, போனோடு படிகளில் இறங்கி அந்தப் பிள்ளையிடம் போனேன். போகும்போதே வசனத்தை மனதில் அடுக்கினேன். "மா ஃபீ ஆ அத்ரப்பே" என்று சொல்ல வேண்டும். என் மகள் பிடித்தாள். பதற்றத்தில் "ஆ" என்ற இடத்தில் "எ" வந்துவிட்டது. என் மகள் பிடிபட்டாள் என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு தரம், உரத்து.

யாரோ சிரித்தார்கள். நடுவர் சிரிக்கவில்லை. ஆரணி வந்து என் முழங்கையைப் பிடித்தாள்.

"அப்பா, வாங்க. போவம்."

2

நான் சண்டைக்காரன் இல்லை என்பதை ஊரில் என்னைத் தெரிந்தவர்கள் அறிவார்கள். இங்கே வந்த பிறகு இன்னும் அடங்கிப்போனேன்.

வந்த புதிதில் கோட்-டெ-நெய்ஜில் ஒரு அறையில் ஐந்து பேர் இருந்தோம். ஆஸ்பத்திரித் தளம் துடைத்தேன். பிறகு சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. இன்றைக்கும் அங்கேதான். மாத்திரை அட்டைகள் இயந்திரப் பட்டியில் ஓடிவரும். உடைந்ததையும் வெறுங்குழியையும் கண்ணால் பிடித்து எடுக்க வேண்டும். வீடும் பக்கத்திலேயே, வாடகை வீடு. குளிர்காலத்தில் ஹீற்றர் வேலை செய்யாவிட்டால் இன்னொரு சுவெற்றர் போடுவேனே தவிர வீட்டுக்காரருக்குப் போன் எடுக்க மாட்டேன்.

என் பெயர் சிவபாலன். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பாவின் பெயரைத்தான் முன்னால் போடுவோம். வந்த முதல் மாதம் ஒரு அரசாங்கக் கந்தோரில் படிவம் நிரப்பிய பெண் அப்பாவின் பெயரை என் குடும்பப் பெயர் ஆக்கிவிட்டாள். அன்று முதல் எல்லாக் கந்தோரிலும் என்னை மிஸ்யூ கணபதிப்பிள்ளை என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதல் முறை கூப்பிட்டபோது அப்பா பின்னால் நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். திருத்தச் சொல்லலாம்தான். அதற்கும் ஒரு படிவம் இருக்கிறது. நான் அதை இன்னும் எடுக்கவில்லை.

ஆரணி இங்கேயே பிறந்தவள். பவானி ஒரு கார்ட்ரியில் வேலை செய்கிறாள். சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம். ஆரணியும் அங்கேதான் வளர்ந்தாள், முதலில் பேசிய முழு வசனம் பிரெஞ்சில். ஆறு வயதில் டொக்டரிடம் போனால் என் பிழைகளை மெல்லிய குரலில் திருத்துவாள். பன்னிரண்டு வயதில் திருத்துவதை நிறுத்தி, எனக்குப் பதிலாகத் தானே கதைக்கத் தொடங்கினாள். பிறகு என்னோடு கதைப்பதும் குறைந்தது. நடன வகுப்பை விட்டாள். கேட்டால் "ஸே கொரெக்ட், அப்பா" என்பாள். பரவாயில்லை, விடுங்கள் என்ற மாதிரி. அந்தச் சொல்லுக்குப் பிறகு கேட்க ஒன்றும் இருக்காது.

பள்ளியில் இந்த விளையாட்டில் சேர்ந்தபோது பவானிக்குப் பிடிக்கவில்லை. "பொம்பிளப் புள்ள விழுந்து முகத்த உடைச்சா என்ன செய்யிற?" என்றாள். நான் சனிக்கிழமைகளில் போய்ப் படியில் இருந்து பார்ப்பேன். விதி ஒன்றும் விளங்காது. அங்கே இருவரும் கதைக்க வேண்டிய அவசியம் இல்லை என்பதே எனக்கு ஆறுதலாக இருந்தது.

3

தோற்ற மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, வீடியோவை எடுத்துக்கொண்டு ராகவனிடம் போனேன். ராகவன் தமிழ்நாட்டுக்காரர், விமானத் தொழிற்சாலையில் இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். கோயிலில் பழக்கம். பியர்பொன்ட்ஸில் சொந்த வீடு. இரண்டு பஸ் மாறி ஒன்றேகால் மணித்தியாலம். மொன்றியலுக்கு முன்னால் அமெரிக்காவில் படித்தவர், இந்த விளையாட்டென்றால் சாப்பாடு வேண்டாம்.

"பாலன், நீங்க கிரிக்கெட் ஆடியிருக்கீங்கல்ல?" என்றார். "பவுண்டரி பக்கத்துல ஒருத்தன் கேட்ச் புடிச்சு, தடுமாறி விழறான். பந்து கையை விட்டு எகிறுது. அவுட்டா இல்லையா?"

"பந்தும் உடம்பும் கட்டுப்பாட்டுக்குள்ள வந்தாத்தான் அவுட்."

"அதேதான். இங்க அதுக்கு மூணு படி வச்சிருக்கான். பந்து கையில உறுதியா இருக்கணும். கால் உள்ள படணும். பெரிய லீக்ல ரெண்டு கால், நம்ம கனடாவுல ஒண்ணு போதும். மூணாவதுதான் தலைவலி. புடிச்சவன் விழுந்தா, விழுந்து முடியற வரைக்கும் பந்து நிக்கணும். தரையில பட்டாக்கூடப் பரவால்ல. பட்டு, கையில நழுவினாப் போச்சு."

"எல்லாருக்கும் பிடிச்ச மாதிரித்தானே தெரிஞ்சது?"

"அதுதான் சண்டையே. ஸ்டேடியம் முழுக்கப் புடிச்சான்னு சொல்லும், விதிப் புத்தகம் இல்லேன்னு சொல்லும். வருஷக்கணக்கா சண்டை போட்டு, விதியையே மாத்தி எழுதினாங்க. இன்னும் ஓயல."

வீடியோவைப் பெரிய ரீவியில் போட்டார். ஓடும் வேகத்தில் பார்த்தபோது சந்தேகமே இல்லை, ஆரணி பிடித்தாள். பாதி வேகத்தில் போட்டார். பந்து நெஞ்சில் ஏதோ செய்வது போல இருந்தது. அதிலும் பாதி ஆக்கினார். இப்போது அவள் விழுவதற்கே வெகு நேரம் எடுத்தது, அவ்வளவு நேரமும் பந்து விரல்களுக்குள் என்னென்னவோ செய்தது. நான் தொழிற்சாலையில் கண்டிருக்கிறேன். பட்டி ஓடும்போது உடைந்த மாத்திரை கண்ணில் குத்தும். பட்டியை நிறுத்திவிட்டு உற்றுப் பார்த்தால் நல்ல மாத்திரைகளிலும் கீறல் இருப்பது போலத் தெரியும்.

நிறுத்தி நிறுத்திப் பதினொரு படம் எடுத்தோம். எட்டாவது படத்தில் ராகவன் விரலை வைத்தார்.

"பந்தோட மூக்கு தரையில இருக்கு. கைக்கும் பந்துக்கும் நடுவுல வெளிச்சம் தெரியுது பாருங்க."

"அது நிழல்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அவருடைய மனைவி கொண்டுவந்த கோப்பியை எனக்கு நீட்டினார். "இருக்கலாம்" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில், வீடியோவோடு இணைப்பதற்குப் பதினொன்றில் மூன்றைத் தெரிந்தெடுத்தேன். பந்து நெஞ்சில் இருக்கும் படம், கால் கோட்டுக்குள் படும் படம், அவள் எழும்பி நிற்கும் படம். எட்டாவது படத்தை அழிக்கவில்லை. ஆனால் சேர்க்கவும் இல்லை.

4

முறைப்பாட்டுக்கு இணையத்தில் ஒரு படிவம். எல்லாம் பிரெஞ்சில். இருபது நிமிடம் தாமதித்தால் தானாக மூடிக்கொள்ளும். எழுதியது முழுக்கப் போய்விடும். மூன்று தரம் போனது. "சம்பந்தப்பட்ட விதியின் இலக்கம்" என்று ஒரு பெட்டி. "விளையாட்டு வீரருடன் உங்கள் உறவு" என்று ஒரு பெட்டி. கடைசியில், காரணங்களை விளக்கித் தனியாக ஒரு கடிதம் இணைக்க வேண்டும்.

"என்னத்துக்கு இந்த வேலை?" என்று பவானி கேட்டாள். "தோத்தது தோத்ததுதானே. புள்ளயே ஒண்டும் கதைக்கல்ல."

அது உண்மை. ஆரணி அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் திங்கட்கிழமை பின்னேரம் நான் சாப்பாட்டு மேசையில் அகராதியோடு இருந்ததைக் கண்டு, பின்னால் வந்து நின்றாள்.

"அப்பா, இது பிழை."

"எது?"

"எல்லாம்."

கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். அன்று ஒரு பந்தி முடித்தோம். மறுநாளும் வந்தாள். நான் தமிழில் சொல்ல, அவள் பிரெஞ்சில் எழுதுவாள். "உறுதியாக" என்ற சொல்லுக்கு என்னிடம் விளக்கம் கேட்டாள். "அணைத்தாள்" என்று நான் சொன்னதற்கு, "குழந்தையை அணைக்கிற மாதிரியா, லைற்றை அணைக்கிற மாதிரியா?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருப்பது அவளுக்குத் தெரிந்திருந்தது என்பதே எனக்குப் புதினம். பிரெஞ்சு எழுத்துகளுக்கு மேலே போடும் கோடு எந்தப் பக்கம் சாயும் என்று காட்டித் தந்தாள். வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒவ்வொரு பின்னேரமும் ஒரு மணித்தியாலம். அவளுடைய போன் மேசையில் கவிழ்ந்து கிடந்தது.

இந்த நாட்டில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த கிழமை வேறு இருக்குமோ தெரியாது.

படங்களைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை, அவள் வெளியே போன பிறகு, அனுப்புவதற்கு முன் கடிதத்தை இன்னொரு தரம் வாசித்தேன். மரியாதை குறைவாக இருப்பது போலப் பட்டது. அந்த நடுவர் பிள்ளையோடு எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. வெய்யிலில் ஓடித் தன் வேலையைச் செய்தவள். அவளுக்கு நன்றி தெரிவிக்கும்படி விசாரணைக் குழுவைக் கேட்டு, கடைசியில் நானே ஒரு வரி சேர்த்தேன். மெர்ஸி என்றால் நன்றி. அதிலிருந்து வரும் வினைச்சொல்லை அகராதியில் பார்த்து, பிழை இல்லாமல் எழுதினேன். அனுப்பும் பொத்தானை அமத்திவிட்டுப் பவானியிடம், "ஒரு வரி முழுக்க நானே எழுதினன்" என்று சொன்னேன்.

5

மூன்று கிழமை கழித்து, விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. கோட்-டெ-நெய்ஜில் ஒரு பள்ளிக்கூடத்தின் ஆசிரியர் அறை, பின்னேரம் ஐந்து மணி. வேலையிலிருந்து நேரே போனேன். ஆரணி பள்ளியிலிருந்து வந்து வாசலில் நின்றாள்.

நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் தலைவி, நரைத்த தலை, அன்பான முகம். ஒரு பக்கம் கண்ணாடி போட்ட ஒருவர், முன்னே மடிக்கணினி. மற்றவர் குறிப்பெழுதினார். மேசையின் அந்தத்தில், தனியாக ஒரு கதிரையில் அந்த நடுவர் பிள்ளை இருந்தாள். கமீல் என்று பெயர் சொன்னார்கள். பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம். பெரிய போட்டிகளுக்கு நடுவராகும் பயிற்சிக்கு விண்ணப்பித்திருக்கிறாள். விசாரணை முடியும் வரை அது நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது.

ஏன் நிறுத்திவைக்க வேண்டும் என்று நான் யோசிக்கும்போதே தலைவி என் கடிதத்தின் கடைசி வரியை வாசித்தார். மிஸ்யூ கணபதிப்பிள்ளை ஒரு கடுமையான கோரிக்கை வைத்திருக்கிறார், அதனால்தான் முழு விசாரணை என்றார்.

ஆரணி என் பக்கம் திரும்பினாள். "அப்பா, இதை நீங்க எழுதினீங்களா?"

"ஓம். நன்றி சொல்லச் சொல்லி எழுதினன்."

"அப்பா, ஒரு வேலைக்காரரைப் பத்தி அப்படி எழுதினா, அவரை வேலையில இருந்து நிப்பாட்டச் சொல்றது."

நன்றி சொல்லி அனுப்பிவிடுவது. நினைத்துப் பார்த்தால் எங்களிடமும் அந்த வழக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் அப்போது நினைத்துப் பார்க்க நேரம் இருக்கவில்லை. அதை எப்படி மறுப்பது என்று வசனத்தை நான் அடுக்கி முடிப்பதற்குள் அவர்கள் கமீலிடம் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

கண்ணாடிக்காரர் படிவத்தோடு நான் அனுப்பிய வீடியோவை மெதுவாக ஓடவிட்டு, நிறுத்தி, ஒவ்வொன்றாகக் கேட்டார். நீ எத்தனை அடி தூரத்தில் நின்றாய்? சூரியன் உன் முகத்துக்கு நேரே இருந்ததா? அவள் எந்தப் பக்கமாக உருண்டாள்? பந்து எந்தக் கையிலிருந்து நழுவியது?

"இடக்கை" என்றாள் கமீல்.

இன்னும் சில கேள்விகள். மறுபடி பந்து.

"வலது கைக்குக் கீழே தரையில் பட்டது."

"சற்று முன் இடக்கை என்றாய்."

அவர் அதட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். மற்றவர் அதைக் குறித்துக்கொண்டார். கமீலின் கழுத்து சிவந்தது. அவளுக்கு முன்னால் ஒரு பிளாஸ்திக் கிளாசில் தண்ணீர் இருந்தது. அதை எடுக்கக் கை நீட்டிவிட்டு, எடுக்காமல் கையை மடியில் வைத்துக்கொண்டாள். கை நடுங்குவதை அவர்கள் காணக்கூடாது என்று நினைத்திருக்கிறாள்.

எனக்கு அது தெரியும். அகதி விண்ணப்பத்துக்கு இதே நகரத்தில் என்னை விசாரித்த அன்று நானும் அப்படித்தான் தண்ணீர் குடிக்காமல் இருந்தேன்.

கையை உயர்த்தினேன். வகுப்பில் பிள்ளைகள் உயர்த்துவது போல. தலைவி தலையசைத்தார்.

"மெர்ஸி என்றால் மெர்ஸிதான், மதாம்" என்று பிரெஞ்சில் சொன்னேன். "நான் நன்றி சொல்லத்தான் கேட்டேன். அனுப்பச் சொல்லவில்லை. வார்த்தை பிழை. மன்னியுங்கள்."

அவர் விளங்கிக்கொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்தது. ஆரணி விளக்கினாள். குறிப்பெழுதியவர் சிரிப்பை அடக்கினார். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். போனை எடுத்து, அவர்கள் எங்கும் நிறுத்திக் காணாத அந்த எட்டாவது படத்தைத் திறந்து, மேசையில் அவர்கள் பக்கமாகத் தள்ளினேன். மிச்சத்தைத் தமிழில் சொன்னேன்.

"பதினொரு படம் எடுத்தனான். மூண்டை அனுப்பினன். இதை மறைச்சுப்போட்டன். அவங்களுக்குச் சொல்லு, மகள்."

ஆரணி போனைத் தன் பக்கம் திருப்பினாள். படத்தைப் பார்த்தாள். பிறகு, ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல், மறைத்தேன் என்ற சொல் உட்பட, அப்படியே மொழிபெயர்த்தாள்.

மூவரும் போன் மீது குனிந்தார்கள். வெகு நேரம் பார்த்தார்கள். கண்ணாடிக்காரர், "இதிலும் உறுதியாகச் சொல்ல முடியாது, நிழலாக இருக்கலாம்" என்றார்.

தலைவி ஆரணியிடம் திரும்பினார். "பந்தைப் பிடித்தபோது உனக்கு எப்படி இருந்தது?"

"அசைந்தது" என்றாள் ஆரணி. "கைக்குள் தெரிந்தது. உருளும்போதா, உருண்டு முடிந்த பிறகா என்று தெரியாது. நான் இருபது முப்பது தரம் யோசித்துப் பார்த்தேன். யோசிக்க யோசிக்க இன்னும் தெரியாமல் போகிறது."

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

முடிவை அங்கேயே சொன்னார்கள். மைதானத்தில் நடுவர் கொடுத்த தீர்ப்பு அப்படியே நிற்கும். கமீல் மீது ஒரு குறிப்பும் இல்லை. அவளுடைய பயிற்சி விண்ணப்பம் அன்றே அனுப்பப்படும். தலைவி என்னிடம் கை கொடுத்து, "மெர்ஸி, மிஸ்யூ" என்றார். எந்த அர்த்தத்தில் என்று நான் கேட்கவில்லை.

6

நடைவழியில் கமீல் எங்களை எட்டிப் பிடித்தாள். அவளும் எங்களைப் போலவே வெளியே போகும் கதவைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"அன்றைக்கு மைதானத்தில் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை" என்றாள். "பந்து தரையில் பட்டு நழுவியதைக் கண்டேன். குழு உங்கள் வீடியோவை எனக்கு அனுப்பிய பிறகு தினமும் பார்த்தேன். நேற்றிரவு ஆகும்போது, நான் எதைக் கண்டேன் என்றே தெரியாமல் போய்விட்டது."

நான் அவளுக்குச் சொல்ல ஒரு வசனம் தேடினேன். இந்த முறை அவசரப்படவில்லை. "நீ அங்கே நின்றாய்" என்றேன். "நாங்கள் நிற்கவில்லை."

அவள் தலையாட்டினாள். ஆரணியிடம், "நல்ல பாய்ச்சல் அது" என்று சொல்லிவிட்டு மெற்றோப் பக்கம் போனாள்.

நாங்கள் பஸ்ஸுக்கு நின்றோம். ஆனி மாத வெய்யில் இன்னும் இறங்கவில்லை. வேலை முடிந்த ஆட்கள், ஆஸ்பத்திரி உடுப்போடு இரண்டு பெண்கள், கைவண்டியில் ஒரு குழந்தை. பஸ்ஸில் பின்னால் இரண்டு இருக்கை கிடைத்தது.

"அசைஞ்சதெண்டு ஏன் எனக்குச் சொல்லல்ல?" என்று கேட்டேன்.

அவள் யன்னலுக்கு வெளியே பார்த்தாள். "சொன்னா நீங்க எழுதுறதை நிப்பாட்டியிருப்பீங்க."

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"நான் முதல் நாளே சொல்லத்தான் வந்தனான்" என்றாள். "நீங்க அகராதியோட இருந்தீங்க. மறுகா சொல்லுவம் எண்டு நினைச்சன். அடுத்த நாளும் நினைச்சன். பேந்து வெள்ளிக்கிழமை வந்திட்டுது."

மறுகா என்பது எங்கள் மட்டக்களப்புச் சொல். பேந்து யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளிடம் பழகியது. இரண்டுக்கும் பிறகு என்ற ஒரே அர்த்தம்தான். இரண்டையும் அவள் ஒரே மூச்சில் சொன்னதைக் கேட்டபடி இருந்தேன்.

"நானும் உனக்கு ஒண்டைச் சொல்லல்லத்தானே" என்றேன். "அந்தப் படம்."

"அது எனக்குத் தெரியும். உங்கட போன்ல பார்த்தனான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. ஒரு கிழமை முழுக்க ஒரே மேசையில் இருந்து, இருவரும் ஒன்றையே மறைத்திருக்கிறோம்.

பஸ் ஒரு பெரிய சந்தியில் நின்று திரும்பியது. அவள் கேட்டாள்: "அப்பா, உள்ள ஏன் அப்படி இருந்தீங்க? கமீலைக் கேள்வி கேக்கேக்க. உங்கட முகம் வேற மாதிரி இருந்தது."

எத்தனையோ வருடம் இந்தக் கேள்வி வராமல் பார்த்துக்கொண்டவன் நான். அவளுக்கு ஒரு பெரியப்பா இருந்தார், பிரச்சினைக் காலத்தில் இறந்துவிட்டார் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். நான் இந்த நாட்டுக்கு எப்படி வந்தேன் என்று பள்ளிக்கூடத்தில் ஒருமுறை கட்டுரை எழுதச் சொன்னபோது, விமானத்தில் என்று சொல்லி முடித்துவிட்டேன்.

"என்னையும் இப்படிக் கேட்டவங்க" என்றேன். "இஞ்ச வந்த புதுசில. எங்கட அண்ணனை வீட்டில இருந்து கொண்டு போனவங்க எத்தனை பேர் எண்டு கேட்டாங்க. பேப்பரில நாலு பேர் எண்டு எழுதியிருந்தன். விசாரணையில ஐஞ்சு எண்டு சொல்லிப்போட்டன். முந்தி நாலு எண்டாய், இப்ப ஐஞ்சு எண்டுறாய் எண்டு சொன்னாங்க. நம்பல்ல. முதல் தரம் இல்லையெண்டுதான் வந்தது. மறுபடி மறுபடி எழுதிப் போட்டு, வருசக்கணக்கில நிண்டுதான் இந்தப் பேப்பர் கிடைச்சது."

"உண்மையில எத்தனை பேர்?"

"தெரியாது, மகள். நான் அண்ணனைத்தான் பாத்துக்கொண்டு நிண்டன்."

அவள் கை என் கைக்கு மேல் வந்தது. பஸ்ஸில் எல்லோர் முன்னாலும். பத்து வயதுக்குப் பிறகு அவள் அப்படிச் செய்ததில்லை.

"அவரிட பேர் என்ன?"

பதினாறு வருடம் என் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் பெயர் தெரியாது. அது அவளுடைய குற்றம் இல்லை.

"தவராசா" என்றேன்.

"தவராசா" என்று அவள் சொன்னாள். பிரெஞ்சுக்காரர் சொல்வது போல ரகரம் தொண்டையில் சிக்கியது. தலையசைத்துவிட்டு மறுபடி சொன்னாள். இந்த முறை சரியாக வந்தது.

"என்ன நடந்ததெண்டு சொல்லுங்க" என்றாள். "முதல்ல இருந்து."

"நேரம் எடுக்கும்."

"ஸே கொரெக்ட்."

நான் தொடங்கினேன். காலையில் அண்ணன் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு நின்றதிலிருந்து சொன்னேன். சில இடங்களில் முன்னுக்குப் பின்னாக வந்தது. ஒரு தரம் கிணற்றடி என்று சொல்லிவிட்டு, பிறகு வாசல் என்றேன். எங்கள் தரிப்பிடம் வந்தது, கடந்தது. அவள் மணியை அமத்தவில்லை. சந்தியையும் தொழிற்சாலைகளையும் தாண்டி, பஸ் கடைசித் தரிப்பில் போய் நிற்கும் வரைக்கும் சொன்னேன். அவள் ஓரிடத்திலும் என்னை நிறுத்தவில்லை.